14 வருஷமா ஓட்டுற பெட்ரோல் கார்: செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல

2011 கடைசியில வாங்குன வண்டி. 1.2 லிட்டர் பெட்ரோல், சின்ன ஹேட்ச்பேக். எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா கீழ வர்ற கதையில பாதி தப்பு என்னோடது, அத வண்டி தலையில கட்டுனா நியாயமில்ல. மீட்டர் 1,42,000 தாண்டியாச்சு. க்ளட்ச் ஒரு தடவ மாத்துனேன், சஸ்பென்ஷன் புஷ் ரெண்டு தடவ, டயர் இப்ப நாலாவது செட், ஏசி கம்ப்ரஸர் இன்னும் கம்பெனியில வந்ததுதான். மைலேஜ் டவுனுக்குள்ள 13, நாலுவழிச் சாலையில 80ல புடிச்சுப் போனா 18 வரும், ஈ20, அதாவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தப்புறம் ஒண்ணு கொறைஞ்ச மாதிரி தெரியுது. எத்தனால்ல எனர்ஜி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மிங்கறதால அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. சீட்டு, கண்ணாடி, பூட் ஸ்பேஸ் பத்தியெல்லாம் இந்த வயசு வண்டிக்கு யாரும் கேக்க மாட்டாங்க. இந்த வண்டி என்னைய நடுரோட்டுல நிக்க வச்சது 14 வருஷத்துல ரெண்டே தடவ, ரெண்டும் ஒரே வியாதி, அத கண்டுபுடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, அதத்தான் எழுதுறேன்.

மொத தடவ 2024 ஏப்ரல். பழனி போயிட்டு திண்டுக்கல் திரும்புறோம், ஒட்டன்சத்திரத்துல டீ குடிக்க நிறுத்துனோம், சரியான மதிய வெயில். திரும்பி வந்து சாவிய திருப்புனா செல்ஃப் கிர்ரு கிர்ருன்னு நல்லா சுத்துது, இன்ஜின் மட்டும் புடிக்கவே மாட்டேங்குது. டீக்கடையில இருந்த நாலு பேரு உடனே தள்ள வந்துட்டாங்க, நல்ல மனசுதான், ஆனா செல்ஃப் நல்லா சுத்துறப்ப தள்ளி என்ன ஆகப்போகுது, தள்ளுறதும் இன்ஜின சுத்தி விடுறதுதான், அந்த வேலைய செல்ஃப் ஏற்கனவே பண்ணிக்கிட்டு இருக்கு. பாட்டரி டவுனான வண்டிக்கும் பெட்ரோல் வராத வண்டிக்கும் உள்ள வித்தியாசமே இதான். சாவிய திருப்புனா டக் டக்னு மட்டும் கேட்டா பாட்டரிய பாருங்க. நல்லா சுத்தியும் புடிக்கலைன்னா ஒண்ணு ஸ்பார்க் இல்ல, இல்லன்னா பெட்ரோல் வரல.

நாப்பது நிமிஷம் கழிச்சு, மெக்கானிக்குக்கு போன் அடிச்சுக்கிட்டே சும்மா சாவிய திருப்புனேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிருச்சு. எங்க வீட்டுல "ஏங்க, வெயில் தாங்கல போல அதுக்கும்"னாங்க. அது எவ்வளவு கரெக்ட்டான டயக்னோசிஸ்னு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பத்து நிமிஷம் கேட்டுட்டு "பியூயல் பம்ப் வீக் சார், மாத்திரலாம்"னாங்க. மீட்டர் வைக்கல, பிரஷர் பாக்கல. பம்ப் அசெம்ப்ளி 5,800, கூலி 700. நானும் தலையாட்டுனேன், ஏன்னா உள்ளுக்குள்ள ஒரு குத்தவுணர்ச்சி இருந்துச்சு, பல வருஷமா ரிசர்வ்லயே ஓட்டுற ஆளு நான். எலக்ட்ரிக் பம்ப் டேங்க்குக்குள்ள பெட்ரோல்லயே முங்கி இருக்கும், அந்த பெட்ரோல்தான் அதுக்கு கூலிங். எப்பவும் டேங்க்க காய வச்சு ஓட்டுனா பம்ப் சூடாகி ஆயுசு கொறையும்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் பங்க்ல 500க்கு மேல போட கை வராது. கழட்டுன பழைய பம்ப்ப ஒரு கவர்ல போட்டு குடுத்தாங்க, அடியில இருக்குற வடிகட்டி வல டீத்தூள் கலர்ல இருந்துச்சு. அதப் பாத்ததும் சரி, இதுதான் காரணம்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

பதினோரு மாசம் ஒரு தொந்தரவும் இல்ல.

2025 மார்ச், வத்தலக்குண்டு. பெட்ரோல் பங்க்குக்குள்ளயே. ஆயிரம் ரூவாய்க்கு போட்டுட்டு சாவிய திருப்புனா அதே கிர்ரு கிர்ரு. பின்னாடி நாலு பைக்கு ஹாரன் அடிக்குது, வேர்த்து ஊத்துது. இப்ப தள்ள வந்தவங்க ஓரமா தள்ளி விட்டுட்டு ஆளாளுக்கு தீர்ப்பு சொல்றாங்க, கலப்படம்னு ஒருத்தர், தண்ணி கலந்துருக்குன்னு ஒருத்தர், எல்லாம் இந்த ஈ20ஆல வந்ததுன்னு ஒருத்தர். பங்க் மேனேஜர் பாவம், நான் கேக்கறதுக்கு முன்னாடியே ஃபில்டர் பேப்பர எடுத்துட்டு வந்து ஒரு சொட்டு விட்டு காட்டுனாரு, கறையே இல்லாம ஆவியாயிருச்சு. நீங்க எந்த பங்க்ல வேணாலும் கேட்டு வாங்கலாம் இந்த டெஸ்ட், டென்சிட்டியும் பாக்கச் சொல்லலாம். ஆனா பேப்பர் டெஸ்ட்ல தண்ணி தெரியாது, மண்ணெண்ண டீசல் மாதிரி கனமான எண்ணெய் கலந்திருந்தாத்தான் கறை நிக்கும். அதனால கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் வாங்கி வச்சேன், ராத்திரி முழுக்க ஆடாம அசையாம வச்சும் அடியில தனியா ஒரு லேயரும் நிக்கல. எத்தனால் தண்ணிய இழுக்கும், அளவுக்கு மேல தண்ணி சேந்தா ரெண்டும் கூட்டு சேந்து அடியில எறங்கிரும், அது உண்மை. மழக்காலத்துல மூடி சரியில்லாத டேங்க்ல, மாசக்கணக்குல நிக்கிற வண்டியில அந்த சந்தேகம் வரலாம். போட்ட அடுத்த நிமிஷம் ஆஃப் ஆச்சுன்னு பங்க்காரர புடிச்சு ஆட்டுறது வேற விஷயம், லைன்ல நிக்கிற பழைய பெட்ரோல்லயே வண்டி கொஞ்ச தூரம் ஓடும்.

அங்கயே எனக்கு தெரிஞ்சத பாத்தேன். சாவிய முழுசா திருப்பாம ஆன்ல மட்டும் வச்சா பின் சீட்டுக்கு அடியில ரெண்டு செகண்ட் 'ங்ஙீ'ன்னு ஒரு சத்தம் வரணும். ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், பம்ப்ப கொஞ்ச நேரம் ஓட விட்டு பிரஷர் ஏத்தி வைக்கும், அப்புறம் நிறுத்திரும், இன்ஜின் சுத்துறத பாக்குற க்ராங்க் சென்சார் சுத்துதுன்னு சொன்னாத்தான் மறுபடி ஓட விடும். சத்தமே இல்லன்னா பியூஸ், ரிலே (பம்ப்புக்கு கரண்ட ஆன் ஆஃப் பண்ற சின்ன சுவிட்ச்), வயரு, கடைசியாத்தான் பம்ப். செல்ஃப் அடிக்கிறப்ப ஆர்பிஎம் முள்ளு லேசா கூட அசையலைன்னா பம்ப்ப விட்டுட்டு க்ராங்க் சென்சார சந்தேகப்படுங்க, எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது, என் வண்டிக்கு பொருந்தும். பூட்டு லைட் மின்னிக்கிட்டே இருந்தா இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லன்னா வண்டிய ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுப் பூட்டு, சாவிய பாருங்க. ஹாரன் ரிலேவும் பம்ப் ரிலேவும் என் வண்டியில ஒரே டைப், ரெண்டையும் மாத்திப் போட்டேன், காசு செலவில்லாத டெஸ்ட், ஹாரனும் அடிச்சுது வண்டியும் ஸ்டார்ட் ஆகல. ஈசியூல பதிவாகுற எரர் கோட படிக்கிற ப்ளூடூத் ஸ்கேனர் வச்சிருந்தேன், ஒரு எரர் கோடும் இல்ல. இந்த மாதிரி பழைய எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்) வண்டியில, இன்ஜெக்டருக்கு பெட்ரோல பிரிச்சு விடுற குழாயான ரெயில்ல பிரஷர் சென்சாரே கிடையாது, அப்புறம் அது எதப் பாத்து கோடு போடும். ஸ்கேனர் சுத்தமா இருக்குன்னு சொன்னா பெட்ரோல் சரியா வருதுன்னு அர்த்தமில்ல, இது நெறைய பேருக்கு புரியறதில்ல.

எங்கிட்ட சத்தம் வந்துச்சு. ஆனா கம்மலா வந்துச்சு, தொண்ட கட்டுன மாதிரி. அப்ப அத பெருசா எடுத்துக்கல.

மறுபடியும் முக்கா மணி நேரத்துல ஸ்டார்ட் ஆகி வீடு வந்து சேந்தேன். ஒர்க்‌ஷாப்புக்கு போன் பண்ணுனா "பம்ப் டூப்ளிகேட்டா வந்திருக்கும் சார், வாரண்டி முடிஞ்சுருச்சு, வேற போட்டுரலாம்". இந்த தடவ மாட்டேன்னுட்டேன். ஆன்லைன்ல 1,400 ரூவாய்க்கு பிரஷர் கேஜ் செட் ஒண்ணு வாங்குனேன். என் வண்டி ரெயில்ல டெஸ்ட் வால்வு கிடையாது, ஹோஸ கழட்டி நடுவுல 'T' வடிவ ஜாயிண்ட் மாட்டணும். அதுக்கு முன்னாடி பம்ப் பியூஸ புடுங்கிட்டு இன்ஜின் தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட விட்டு லைன்ல பிரஷர எறக்கணும், பாட்டரி நெகட்டிவ கழட்டணும், துணிய சுத்திப் புடிக்கணும், பக்கத்துல பீடி சிகரெட் ஆளு யாரும் நிக்கக் கூடாது. இதுல தைரியம் இல்லன்னா கேஜ தூக்கிட்டு தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட போயிருங்க, வெட்கப்பட ஒண்ணுமில்ல.

காலையில எட்டு மணிக்கு பாத்தா முள்ளு 43ல கம்பு மாதிரி நிக்குது. என் வண்டிக்கு 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ கிட்டதான் வேணும், அப்ப எல்லாம் சரி. சரியா இருக்குறப்ப டெஸ்ட் பண்ணி என்ன புண்ணியம்னு மதியம் வாசல்ல வெயில்ல நிறுத்தி, ஏசி போட்டு, ஐடிலிங்ல விட்டுட்டு சேர போட்டு பக்கத்துலயே உக்காந்தேன். அரமணி நேரம் அசையல. அப்புறம் 41. அப்புறம் 38, இன்ஜின் சத்தம் மாறல. 31 வந்தப்ப லேசா உதறுச்சு, பானெட்டுல வச்ச டம்ளர் கிணுகிணுங்குது, அப்படியே ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப். திரும்ப செல்ஃப் அடிச்சா முள்ளு 22 தாண்டல. ஒரு ப்ளக்க கழட்டிப் பாத்தேன், காய்ஞ்சு கெடந்துச்சு, பெட்ரோல் வாசனையே இல்ல. ஸ்பார்க் போயிருந்தா ப்ளக் நனைஞ்சு நாறும். வியாதிய கண்ணால பாத்த சந்தோஷம் இருக்கே, அத சொல்ல முடியாது.

இந்த எடத்துல யாரா இருந்தாலும் பம்ப்தான்னு சொல்லுவாங்க, நானும் சொன்னேன். ஆனா பம்ப்புக்கு கரண்ட் ஒழுங்கா போகுதான்னு பாக்காம விடக் கூடாதுன்னு பின் சீட்ட தூக்கி, கனெக்டர கழட்டி, மீட்டர் வச்சேன். 12.3 வோல்ட். சூப்பர், வயரிங் ஓகேன்னு எங்க தெரு முக்குல கடை வச்சிருக்குற ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட பெருமையா சொன்னேன். அவரு சிரிச்சாரு. "தம்பி, கொழாய மூடி வச்சுக்கிட்டு தண்ணி பிரஷர் நல்லாருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு. தொறந்து விட்டு பாக்கணும்ல."

அதுதான் விஷயம். கனெக்டர கழட்டிட்டு அளந்தா கரண்டே ஓடாது, அப்ப நூல் மாதிரி ஒரு வயரு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டும் காட்டும். எல்ஈடி டெஸ்டரும் அதே பொய்யத்தான் சொல்லும். அண்ணன் பழைய இண்டிகேட்டர் பல்பு, 21 வாட்ஸ், ரெண்டு வயரு பத்த வச்சு டெஸ்ட் லேம்ப்பா வச்சிருக்காரு. அத கனெக்டர்ல குத்துனா பல்பு மஞ்சளா அழுது வடியுது. அப்புறம் கனெக்டர பம்ப்ல மாட்டி பின்பக்கமா குண்டூசி விட்டு பம்ப் ஓடுறப்ப அளந்தாரு: 8.1 வோல்ட். மிச்சம் எங்க போச்சுன்னா, பம்ப்போட எர்த் பின்னுக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மட்டும் 3.8 வோல்ட். அங்க கால் வோல்ட் கூட நிக்கக் கூடாது. பம்ப் நாலு ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சா அந்த ஒத்தப் பின்னுல 15 வாட்ஸ் சூடு, ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவுக்கு, டேங்க்குக்கு மேல. கனெக்டர திருப்பிக் காட்டுனாரு, எர்த் பின்ன சுத்தி பிளாஸ்டிக் பொரிச்ச அப்பளம் மாதிரி உப்பி பழுப்பா இருக்கு, பின்னு கருநீலம், மோந்தா சுவிட்ச் போர்டு கருகுன வாசன.

சூடேற சூடேற பின்னு லூசாகும், இன்னும் சூடேறும், பம்ப்புக்கு வோல்ட் கொறையும், பிரஷர் எறங்கும், வண்டி நிக்கும். நாப்பது நிமிஷம் ஆறுனா மறுபடி ஒட்டிக்கும். 2024ல பம்ப் மாத்துனப்ப சரியானதுக்கு காரணம் புது பம்ப் இல்ல, மாத்துறப்ப அந்த கனெக்டர கழட்டி மாட்டுனாங்கல்ல, அதுல பின்னு உரசி சுத்தமாச்சு. பதினோரு மாசம் தாக்குப் புடிச்சது அந்த உரசல்.

புது கனெக்டர் 450 ரூவா, எர்த் வயர தனியா இழுத்து பாடி போல்ட்ல பெயிண்ட்ட சுரண்டி கட்டுனாரு, கூலி 300. அப்புறம் பம்ப்ல 11.7 வோல்ட் வந்துச்சு, அதே வெயில்ல மதியம் பூரா ஓட விட்டும் முள்ளு 43ஐ விட்டு நகரல. ஆன்ல வைக்கிறப்ப வர்ற சத்தம் கூட இப்ப கணீர்னு இருக்கு. அந்த வத்தலக்குண்டு கம்மல் சத்தத்துலயே விஷயம் இருந்துச்சு, காது கேட்டுச்சு, மண்டைக்கு ஏறல.

ஒண்ணு ரெண்டு விட்டுப் போச்சு. ராத்திரி நிறுத்துன வண்டி காலையில மட்டும் நெறைய நேரம் செல்ஃப் அடிச்சு ஸ்டார்ட் ஆகுதுன்னா அது வேற கேஸு, பம்ப்புக்குள்ள இருக்குற ஒரு வழி வால்வு பிரஷர புடிச்சு வைக்க மாட்டேங்குதுன்னு அர்த்தமா இருக்கலாம், சாவிய ரெண்டு மூணு தடவ ஆன் பண்ணி ஆஃப் பண்ணி அப்புறம் அடிச்சுப் பாருங்க, உடனே புடிச்சா கிட்டத்தட்ட உறுதி. எலி இருக்குற ஏரியான்னா முதல்ல வயர பாருங்க. எல்லாத்துக்கும் முன்னாடி டேங்க்ல பெட்ரோல் இருக்கான்னு பாருங்க, என் மச்சான் வண்டியில கேஜ் கால் டேங்க்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு, மிதவ மாட்டிக்கிச்சு, ரெண்டு லிட்டர் ஊத்துனதும் கெளம்பிருச்சு, அதுக்குள்ள ரெக்கவரி வண்டிக்கு 2,500 குடுத்துட்டான். டீசல் வண்டிக்காரங்களுக்கு இதுல பாதி பொருந்தாது, அங்க ஏர் லாக், ஹேண்ட் ப்ரைமர்னு தனி கத.

அப்புறம் அந்த பழைய பம்ப். கவரோட பரண்ல கெடந்துச்சு. கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு, இருந்தாலும் அண்ணன்கிட்ட 200 தர்றேன், இத மாட்டி ஒரே ஒரு தடவ பிரஷர் பாத்துருவோம்னேன், சும்மா பாட்டரியில வச்சு சுத்துதான்னு பாத்தா பத்தாது, சுத்துற பம்ப்பெல்லாம் பிரஷர் ஏத்துறது இல்ல. வடிகட்டி வலைய மட்டும் மாத்திட்டு மாட்டுனாரு. சாவி ஆன், முள்ளு ஏறுச்சு, 43. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அவரு 200ஐ வாங்க மாட்டேன்னுட்டாரு. 5,800 ரூவா புது பம்ப் மறுபடி உள்ள போயிருச்சு, பழசு ஸ்டெப்னி பக்கத்துல துணி சுத்திக் கெடக்கு.