எம்ஜிபி ரோட்ஸ்டரா, ஜிடியா? முதல் தடவை வாங்குறவங்களுக்கு

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தா முதல்ல கண்ணுல படுறது எம்ஜிபிதான். 1962-ல திறந்த ரோட்ஸ்டர் வந்துச்சு, 1965-ல கூரை போட்ட ஜிடி, ரெண்டும் இங்கிலாந்துல ஆபிங்டன் ஃபேக்டரில 1980 வரைக்கும் தயாராச்சு, ரெண்டுலயும் பெரும்பாலும் அதே 1798 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின்தான்.

ரோட்ஸ்டர்னா ரெண்டு சீட்டு, நிலையான கூரை கிடையாது. அந்த துணிக் கூரைக்கு இங்கிலாந்துல ஹூட்னு பேரு, ஆனா அமெரிக்கால ஹூட்னா இன்ஜின் மூடி, அதையே பிரிட்டிஷ்காரங்க பானெட்ங்கறாங்க, பார்ட்ஸ் ஆர்டர் பண்றப்போ இதுல ரொம்ப கவனமா இருங்க. டோனோன்னா கூரையை மடிச்சதுக்கு அப்புறம் சீட்டுங்க மேல விரிக்கிற துணி, நடுவுல ஜிப் இருக்கும், டிரைவர் பக்கத்தை மட்டும் திறந்துட்டு ஓட்டினா காலு கதகதப்பா இருக்கும், அது ஒரு தனி சுகம்ங்க!

ஜிடில அந்த சுகம் இல்ல. ஆனா பினின்ஃபரினாங்கற இத்தாலி டிசைன் கம்பெனி கைவண்ணத்துல வந்த கூரை, பின்னாடி மேல தூக்குற கதவு, பெட்டி வைக்க தாராளமான இடம். பின் சீட்டு சின்ன பசங்களுக்குத்தான். வெயிட் கொஞ்சம் கூட, அதனால பிக்கப் கம்மி, ஆனா பாடி கெட்டி. ரோட்ஸ்டர்ல மேடு பள்ளத்துல டேஷ்போர்டும் முன்கண்ணாடியும் சேர்ந்து நடுங்கும், அதுக்குப் பேரு ஸ்கட்டில் ஷேக்.

எதை வாங்கினாலும் கதவுக்குக் கீழ நீளமா ஓடுற இரும்புப் பட்டைல, அதாவது சில்ல (sill), ஒரு காந்தத்தை வச்சுப் பாருங்க. ஒட்டலன்னா துருவை பட்டி பூசி மறைச்சிருக்காங்க. ரோட்ஸ்டர்ல பாடியைத் தாங்க நிலையான கூரை இல்லாததால பலமே அந்த சில்தான்.

மழையிலயும் தினமும் ஓட்டணும்னா ஜிடி, ஞாயித்துக்கிழமை வெயிலுக்குன்னா ரோட்ஸ்டர். என் ஓட்டு ரோட்ஸ்டருக்குத்தான்.