கெட் ஆஃபா, கெட் அவுட்டா, கெட் டவுனா?

பஸ்ஸோ காரோ, தமிழில் எல்லாவற்றிலிருந்தும் இறங்குகிறோம். மொரீஷியஸில் நம் வீடுகளில் புழங்கும் கிரியோல் மொழியிலும் இரண்டுக்கும் ‘தெசான்’ ஒன்றே. பிரெஞ்சிலும் அப்படித்தான். ஆங்கிலம் மட்டும் வண்டியைப் பார்த்துச் சொல்லை மாற்றுகிறது. அதனால்தான் நம் பிள்ளைகள் எதற்கும் ‘கெட் டவுன்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

உள்ளே எழுந்து நடக்க இடமிருக்கும் வண்டி என்றால் ‘கெட் ஆஃப்’: பஸ், விமானம், கப்பல், 2019இல் தொடங்கி வைத்த மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில். ‘ஐ கெட் ஆஃப் அட் ரோஸ் ஹில்’ சரி. மேலே உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் இதுவேதான்.

குனிந்து நுழைந்து உட்கார்ந்தபடியே போகும் கார், டாக்ஸிக்கு ‘கெட் அவுட்’. வண்டியின் பெயரைச் சொன்னால் ‘அவுட் ஆவ் தி கார்’. இந்த ‘ஆவ்’ வேறு, முன்பு பார்த்த ‘ஆஃப்’ வேறு. தமிழில் எழுதும்போது பலர் இரண்டையும் ‘ஆஃப்’ ஆக்குவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. இன்னொன்று, விருந்தாளியிடம் வெறுமனே ‘கெட் அவுட்!’ என்றால் விரட்டுவது போலாகிவிடும். ‘யூ கேன் கெட் அவுட் ஹியர்’ என்று சொல்லிவிடுங்கள்.

படகில் அளவு முக்கியம். இல் ஓ செர்ஃப் தீவுக்குப் போகும் பெரிய கட்டமரானிலிருந்து ‘கெட் ஆஃப்’, மீனவரின் சின்னப் பிரோக் படகிலிருந்து ‘கெட் அவுட்’. கரும்பு லாரி இன்னும் வேடிக்கை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் ‘கெட்ஸ் அவுட்’, பின்னால் சுமைமேல் ஏறி வந்தவர் ‘கெட்ஸ் ஆஃப்’. லாரி ஒன்றுதான், அவர் இருந்த இடம்தான் வேறு.

‘கெட் டவுன்’ மரம், ஏணி, கூரைக்கு உரியது. இந்திய ஆங்கிலத்தில் பஸ்ஸுக்கும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரியவும் செய்கிறது. பேச்சில் நான் திருத்தமாட்டேன். கேம்பிரிட்ஜ் தேர்வுத்தாளில் மட்டும் வேண்டாம்.

எது என்றே தெரியாமல் திணறினால் ‘அலைட்’ இருக்கிறது. பஸ்ஸுக்கும் பொருந்தும், டாக்ஸிக்கும் பொருந்தும். ஆனால் அது அறிவிப்புப் பலகைக்கான சொல். நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.