ஓட்டப் பாதை வரைந்து தரும் ஒரு செயலி: ஒன்பது மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ஓட்டப் பாதை வரைந்து தரும் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். அதில் ஒன்பது மாதங்கள் முடிந்துவிட்டன. புறப்படும் இடத்தையும் ஓட விரும்பும் தொலைவையும் குறித்துவிட்டால், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும்படி மூன்று தடங்களை அது வரைந்து காட்டும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கைக்கடிகாரத்துக்கு அனுப்பினால், ஒவ்வொரு திருப்பத்திலும் மணிக்கட்டில் ஓர் அதிர்வு தந்து வழிகாட்டும். நகரப் பூங்காக்கள், கடலோரம், நகரை ஒட்டிய குன்றுகள் ஆகிய எல்லா இடங்களிலும் இதை நம்பி ஓடியிருக்கிறேன். தொலைவைக் கணக்கிடுவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் காலடியில் உள்ள தரையைப் பற்றி இதற்கு இருப்பது கேள்விஞானம் மட்டும்தான். அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாரிவிடுகிறது என்பது நிலத்துக்கு நிலம் மாறுகிறது.

செயலியின் அடித்தளம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம். 2004இல் தொடங்கப்பட்ட இதைத் தன்னார்வலர்களே வளர்த்து வருகிறார்கள். ஒரு பாதை கல் பாவியதா, சரளை கொட்டியதா, வெறும் மண்ணா என்பதை யாரோ ஒருவர் பார்த்துக் குறித்திருந்தால்தான் செயலிக்கும் தெரியும். நடமாட்டம் மிகுந்த பூங்காக்களில் இப்படிக் குறிப்பவர்கள் பலர் என்பதால், பெஞ்சு, குடிநீர்க் குழாய், படிக்கட்டு வரை எல்லாம் வரைபடத்தில் ஏறியிருக்கின்றன. ஒரே வட்டத்தை ஏழு முறை சுற்றிச் சலித்திருந்த எனக்கு, குளக்கரைப் பாதையையும் மரங்களுக்கு இடையே செல்லும் மண்தடத்தையும் எட்டு வடிவில் கோத்து, எந்த இடத்தையும் இரு முறைக்கு மேல் மிதிக்காத 8 கிலோமீட்டர் தடம் ஒன்றை முதல் வாரத்திலேயே வரைந்து தந்தது. சந்தா கட்டியது வீணில்லை என்று அன்றே தோன்றியது. கான்கிரீட்டைத் தவிர்த்து மண்பாதைக்கு முன்னுரிமை தரும் வசதியும் உண்டு. முழங்காலின் நலன் கருதி அதை நான் அணைப்பதே இல்லை.

அதே பூங்காவில் ஒருநாள் விடியற்காலை, பக்கவாட்டு வாயில் வழியாக வெளியேறச் சொன்னது. வாயிலில் பூட்டு தொங்கியது. ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள் என்ற தகவல் வரைபடத்தில் இல்லை, எனவே செயலியிலும் இல்லை. இன்னொரு நாள், ஓடி முடித்து வீட்டில் பார்த்தபோது, நான் குளத்து நீரின் மேல் நடந்து போனதாகக் கோடு விழுந்திருந்தது. இந்தப் பழியைச் செயலியின் மேல் போட முடியாது. அடர்ந்த மரங்களின் கீழும் உயர்ந்த கட்டடங்களின் அருகிலும் செயற்கைக்கோள் சமிக்ஞை நேராக வந்து சேராமல் எதிரொலித்து வருவதால் நேரும் பிழை அது, 1575.42 மெகாஹெர்ட்ஸ் கொண்ட எல்1 அலைவரிசையை மட்டும் வாங்கும் என் பழைய கடிகாரத்துக்கு அதைச் சமாளிக்கத் தெரியவில்லை. 1176.45 மெகாஹெர்ட்ஸ் கொண்ட எல்5 அலைவரிசையையும் சேர்த்து வாங்கும் கடிகாரம் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி ஓடிப் பார்த்தேன். கோடு கரையை விட்டு இறங்கவில்லை.

கடலோரத்தில்தான் எனக்கு இந்தச் செயலியோடு பெரிய மனத்தாங்கல். கடல் நீர் ஏறி இறங்கும் ஓதம் என்ற ஒன்று இருப்பதே இதற்குத் தெரியாது. உயர் ஓதமும் தாழ் ஓதமும் வரும் நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. நாளுக்கு இரு முறை கடல் ஏறி வற்றும் கரைகளில், இன்று காலை ஆறு மணிக்கு விரிந்து கிடக்கும் மணல்வெளி, ஒரு வாரம் கழித்து அதே ஆறு மணிக்கு நீருக்கடியில் இருக்கக்கூடும். முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாக இருக்கும். செயலிக்கோ இரண்டு ஆறு மணிகளும் ஒன்றே. அது வரைந்து தந்த 12 கிலோமீட்டர் தடம் ஒன்று, பாறை முனையின் அடிவாரத்தைச் சுற்றிச் சென்று அதே வழியில் திரும்பியது. போகும்போது அங்கே ஈர மணல், கால் பதியாத நல்ல தரை. திரும்பும்போது அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது. காலணிகளைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். நீர் முழங்காலைத் தாண்டியதும் புத்தி வந்து திரும்பிவிட்டேன். மேலே உள்ள சாலை வழியாகச் சுற்றி வந்ததில் 4 கிலோமீட்டர் கூடியது. அந்த 4 கிலோமீட்டரும், தடத்தை விட்டு விலகிவிட்டேன் என்று கடிகாரம் ஓயாமல் அதிர்ந்துகொண்டே வந்தது.

மணலைப் பற்றிய கணக்கும் சரியில்லை. மணலில் ஓடுவதற்கு உறுதியான தரையில் ஓடுவதைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. செயலியோ இரண்டுக்கும் ஒரே நேரத்தை மதிப்பிடுகிறது. மணலில் போய்ச் சாலையில் திரும்பும் தடங்களை இது விரும்பித் தருவது இன்னொரு தொல்லை. கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், மணலில் ஓடும் நேரம் முழுவதும் கடல் பக்கத்துக் கால் தாழ்ந்தே விழுகிறது. போன வழியே திரும்பினால் அந்தச் சுமை இரு கால்களுக்கும் பங்காகிவிடும். அதனால் கடலோரத்துக்கு இப்போது நானே தடத்தை வரைந்துகொள்கிறேன். ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

குன்றுகளில் நிலைமை வேறு. கைப்பேசிக்கு இணைப்பு அற்றுப்போன இடத்திலும், முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடத்தில் நான் நிற்கும் புள்ளி பிசகாமல் நகர்ந்தது. செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்குவதற்கு இணையம் தேவையில்லை அல்லவா? மூன்று ஒற்றையடிப் பாதைகள் பிரியும் ஓர் இடத்தில், மூடுபனியில், சரியானது எது என்பதை மணிக்கட்டு அதிர்வை மட்டும் கொண்டு அறிந்துகொண்டேன். குன்றுகளில் ஓடுபவர் இந்த ஒரு வசதிக்காகவே சந்தா கட்டலாம்.

உயரக் கணக்கை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் சுற்றி ரேடாரால் எடுத்த நில உயரத் தரவைத்தான் இந்தச் செயலி பயன்படுத்துகிறது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்ற அளவிலான அந்தத் தரவில், செங்குத்துச் சரிவின் இடுப்பைச் சுற்றிச் சமமாகச் செல்லும் பாதைக்குக்கூட மேலும் கீழுமான சரிவின் உயரங்கள் மாறி மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஏறாத ஏற்றமெல்லாம் கூடிவிடுகிறது. காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொல்லும் கடிகாரம் இதைவிடத் தேவலாம் என்றாலும், கடல் மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைந்தால் அது 8 மீட்டர் ஏறியதாக எடுத்துக்கொள்ளும். மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில், பாறை மேல் உட்கார்ந்தபடியே நான் 20 மீட்டர் ஏறியிருக்கிறேன்.

ஓட்ட நேரத்தை மதிப்பிடுவதில் செயலி காட்டும் அலட்சியத்துக்குச் சாக்கே கிடையாது. ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நைஸ்மித், 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக இன்னொரு மணி நேரம் என்று நடப்பவர்களுக்காக 1892இலேயே ஒரு விதி வகுத்துவிட்டார். செயலியோ என் சமதள வேகத்தை அப்படியே குன்றின் மேல் ஏற்றி, 11 கிலோமீட்டருக்கு 70 நிமிடம் என்றது. எனக்கு ஆனது 105 நிமிடம். இறக்கத்தில் ஈடுகட்டிவிடலாம் என்பதும் நடக்காது. செங்குத்து இறக்கத்தில் மூச்சு வாங்காவிட்டாலும், உடலின் எடையை ஒவ்வோர் அடியிலும் தடுத்து நிறுத்தும் தொடைத் தசைகள் அடுத்த இரண்டு நாட்களுக்குப் படிக்கட்டில் அதை நினைவூட்டுகின்றன.

சந்தா கட்டுகிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய ஒரு வேலை, அமைப்புகளுக்குள் போய், தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும் மறைத்துவைப்பது. ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா என்ற செயலி, தன் பயனர்களின் தடங்களைத் தொகுத்து, நடமாட்டம் மிகுந்த வழிகளைப் பளிச்சென்று காட்டும்படி வெளியிட்ட வெப்ப வரைபடத்தில் இராணுவ முகாம்களின் உள்வழிகள் வரை தெரிந்தது 2018 ஜனவரியில் செய்தியானது. தனி ஒருவரின் வீட்டு வாசல் தெரிவதற்கு அவ்வளவு தரவுகூடத் தேவையில்லை. இந்தச் செயலியில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் அணைத்த நிலையிலேயே வருகிறது; அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஓதம் பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கும்படி நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாக இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது. பூங்கா வாயிலுக்கு நான் யாருக்கும் எழுதவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி, அந்த வாயில் திறக்கும் நேரத்தை நானே குறித்துவைத்தேன். மூன்று வாரம் கழித்து, விடியற்காலையில் புறப்படும் தடங்களைச் செயலி முதன்மை வாயில் வழியாக வரையத் தொடங்கியிருந்தது.