ஈப்பிடிப்பான்களிடம் மெர்லின் செயலி எவ்வளவு தேறும்?

காகம், மைனா, கொக்கு, மீன்கொத்தி ஆகியவற்றின் பெயரைச் சொல்ல ஒரு செயலி தேவையில்லை. பறவை காட்டும் செயலியின் தரம் தெரியவேண்டுமானால் அதை ஈப்பிடிப்பான்களிடம் கொண்டுபோக வேண்டும். 13 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு மண்ணிறக் குருவி. நிழலான கிளை. பத்து நிமிடமாகச் சத்தமே இல்லை. திடீரென்று எட்டிப் பறந்து ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு அதே கிளைக்குத் திரும்புகிறது. அப்போது மெர்லின் என்ன சொல்கிறது, சொன்னதை எவ்வளவு நம்பலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்தப் பறவை எந்தக் குடும்பம், எந்த மாதத்தில் இங்கே இருக்கும் என்பதைக் கற்றுத்தருவதில் இது மிக நல்ல கருவி. ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இனங்களைப் பிரிக்கவேண்டிய இடத்தில் மட்டும் தீர்ப்பைச் செயலியிடம் விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வகம் 2014இல் வெளியிட்ட செயலி இது. பணம் இல்லை, விளம்பரம் இல்லை. ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் சவுண்ட் ஐடி 2021இல் சேர்ந்தது. அன்ட்ரொயிட், ஐபோன் இரண்டிலும் ஓடும். நிறுவியவுடன் செய்யவேண்டிய ஒரே வேலை, இலங்கை அடங்கிய பறவைப் பொதியை வீட்டு வைஃபையில் இறக்குவது. அது முடிந்தால் சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். பொதியை இறக்காமல் இங்கிரியப் பக்கம் போய் நின்றுகொண்டு செயலியைக் குறைசொல்லிப் பயனில்லை.

அதிகம் பேர் திறந்தே பார்க்காத பகுதிதான் இதில் சிறந்தது: எக்ஸ்ப்ளோர். இடத்தையும் திகதியையும் கொடுத்தால், அங்கே அந்தக் கிழமையில் காணக்கூடிய பறவைகளின் பட்டியல் வரும். ஈபேர்ட் தளத்துக்கு மக்கள் அனுப்பிய பதிவுகளிலிருந்து உருவாகும் பட்டியல் அது. அதை 'அதிகம் காணப்படுபவை' என்ற வரிசையில் வைக்காமல் குடும்ப வரிசைக்கு மாற்றுங்கள். ஈப்பிடிப்பான் என்ற சொல்லுக்குள் எத்தனை குடும்பங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது அப்போது தெரியும்.

வெள்ளவத்தை மாடிகளில் தொலைக்காட்சி அன்டெனாவில் ஏறி நின்று, வாலைத் தூக்கி, விடியற்காலையில் பாடும் கறுப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சான் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நெடுங்காலம் அதைப் பூங்குருவிகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அது மஸ்சிகாபிடே என்ற ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு வந்துவிட்டது. பெயரிலேயே ஈப்பிடிப்பான் என்று இருக்கும் அரசவால் ஈப்பிடிப்பானோ அந்தக் குடும்பத்திலேயே இல்லை. அது மொனார்க்கிடே குடும்பம். உறவுமுறையில் காகத்துக்கும் இரட்டைவாலனுக்கும் பக்கத்து வீடு. கருப்பிடரி நீல ஈப்பிடிப்பானும் அதே மொனார்க்கிடேதான். மஞ்சள் வயிறும் சாம்பல் தலையுமாகத் துறுதுறுவென்று இருக்கும் சாம்பல்தலை ஈப்பிடிப்பான் ஸ்டெனோஸ்டிரிடே என்ற வேறொரு சிறு குடும்பம். அதன் அறிவியற்பெயரின் இரண்டாம் பகுதியே 'சிலோனென்சிஸ்', அதாவது இலங்கைக்குரியது. உலர்வலயத்து விசிறிவாலிகளுக்கு ரிப்பிடுரிடே என்று தனிக் குடும்பம். அமெரிக்கக் கண்டங்களில் அதே பெயரோடு திரிபவை இன்னும் தூரம்: டிரானிடே குடும்பத்தைச் சேர்ந்த அவற்றின் குரற்பெட்டியின் அமைப்பே வேறு.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பூச்சிதான். பறக்கும் பூச்சியைப் பிடிக்க வேண்டுமென்றால் அடி அகன்ற தட்டையான அலகும், வாயோரத்தில் விறைத்த முடியும், கிளையில் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியாக அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. பழைய புத்தகங்கள் வடிவத்தைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டன. பழைய புத்தகத்தையும் செயலியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் 'இது ஏன் இடம் மாறியிருக்கிறது' என்று திகைப்பதும் இதனால்தான். செயலியின் பட்டியல் புதிய வகைப்பாட்டுக்கேற்பத் திருத்தப்பட்டுவருவதால், பொதியைப் புதுப்பிக்கச் சொல்லும்போது தட்டிக்கழிக்காதீர்கள். அறிவியற்பெயரின் முதற்பகுதியான பேரினப் பெயர் மாறியிருந்தால் நீங்கள் முன்னர் எழுதிவைத்த குறிப்பும் செயலியும் ஒத்துப்போகாது.

இனி உண்மையான பரீட்சை. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை கொழும்பில் ஈப்பிடிப்பான் என்று சொல்லத்தக்க ஒன்றைப் பார்த்தால், பெரும்பாலும் அது ஆசிய மண்ணிற ஈப்பிடிப்பான், மஸ்சிகாபா டௌரிகா. விகாரமகாதேவி பூங்காவின் பெரிய மரங்களிலும், பழைய தோட்டங்களிலும், சதுப்பு ஓரத்து மரங்களிலும் தனியாக உட்கார்ந்திருக்கும். அதன் நெருங்கிய உறவு மண்ணிறமார்பு ஈப்பிடிப்பான், மஸ்சிகாபா முத்துயி. அந்த 'முத்துயி' யாரென்று தெரிந்தால் தமிழ் வாசகர் ஒருவர் சற்று நிமிர்ந்து உட்காருவார். பருத்தித்துறையில் கிடைத்த பறவையைக் கொண்டு இந்த இனத்தை 1854இல் விவரித்த இயற்கையியலாளர் எட்கர் லெயார்ட், தனக்காக அலைந்து பறவைகளைத் தேடிக் கொணர்ந்த பணியாள் முத்துவின் பெயரையே அதற்கு வைத்தார். செயலியில் அந்தப் பறவையின் பக்கத்தைத் திறந்தால் அறிவியற்பெயரில் முத்து இன்றும் இருக்கிறார்.

இரண்டையும் பிரிக்கப் பார்க்கவேண்டியவை கால், கீழலகு, மார்பு. ஆசிய மண்ணிற ஈப்பிடிப்பானுக்குக் கால் கறுப்பு. கீழலகின் அடி மட்டும் மங்கிய மஞ்சள், நுனி கறுப்பு. முதுகு சாம்பல் கலந்த மண்ணிறம். கண்ணைச் சுற்றித் தெளிவான வெள்ளை வளையம். முத்துவின் பறவைக்குக் கால் வெளிறிய தசைநிறம். கீழலகு முழுவதும் மஞ்சள். வெள்ளைத் தொண்டைக்குக் கீழே மார்பில் மண்ணிறப் பட்டை. வாலடியிலும் இறக்கை ஓரத்திலும் செம்மை. கண்வளையம் இதற்கும் உண்டு. ஆகவே கண்வளையத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தவறிவிடும். முன்னது ஓரளவு வெளிச்சமான, திறந்த கிளையை விரும்பும். பின்னது அடர்ந்த நிழலில், தாழ்வாக, ஈரமான காட்டின் அடிப்பகுதியில் இருக்கும்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் போட்டோ ஐடி சறுக்குவது இந்த இடத்தில்தான். படத்தில் கால் இலைக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் அது ஒரு பெயரை முதலில் நிறுத்தும். கால் தெரியவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லாது. நிழலில் எடுத்த படத்தில் பச்சை இலை வெளிச்சம் மார்பில் பட்டு, வெள்ளையை மஞ்சளாக்கிவிடும். வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் பறவை கரிக்கட்டையாகி, கண்வளையமும் கீழலகின் நிறமும் தொலைந்துபோகும். ஆகவே கமெராவில் வெளிச்ச ஈட்டை +1 அளவுக்குக் கூட்டுங்கள். கைத்தொலைபேசியென்றால் திரையில் பறவையைத் தொட்டு வெளிச்சத்தை உயர்த்துங்கள். பக்கவாட்டில் ஒன்று, நேர்முகமாக மார்பு தெரிய ஒன்று, கால் தெரிய ஒன்று என மூன்று படமாவது எடுத்து, மூன்றையும் தனித்தனியே கொடுங்கள். மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் நம்பலாம். பெயர் மாறினால் செயலி தடுமாறுகிறது என்று பொருள். அப்போது காலைப் பார்த்து நீங்களே முடிவெடுங்கள். பறவை சட்டத்தை நிரப்பும் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்குவதும் முக்கியம். இலை நிறைந்த படத்தில் ஒரு மூலையில் குருவி இருந்தால் தவறுக்கு இடம் கூடும்.

8x42 தொலைநோக்கியின் கண்வில்லையில் தொலைபேசியை வைத்து எடுப்பவர்கள் பிரதான கமெராவையே பயன்படுத்துங்கள். அகலக் கோணக் கமெராவில் கறுப்பு வட்டம்தான் விழும். இந்தப் பறவைகள் ஒரு நல்ல வசதி செய்து தருகின்றன: கிளம்பிய கிளைக்கே திரும்பி வரும். பறந்ததும் பின்தொடராமல் கிளையிலேயே குவியத்தை வைத்திருங்கள்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. நுவரெலியாவில் எடுத்த படத்தை நண்பர் வட்சப்பில் அனுப்புகிறார். கொழும்பில் இருப்பவர் அதைச் செயலியில் போட்டுப் பார்க்கிறார். சாதாரணமாக அனுப்பிய வட்சப் படத்தில் எடுத்த இடமும் நேரமும் அழிந்துபோயிருக்கும். இடத்தைக் கொழும்பு என்றே விட்டுவிட்டால் மலைநாட்டுப் பறவை கீழ்வரிசைக்குத் தள்ளப்படும். காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்கு இது நடந்தால் பெரிய இழப்பு. காஷ்மீரத்தில் கூடுகட்டி, குளிர்காலத்தை நம் மலைநாட்டில் கழிக்கும், உலகளவில் அழியும் ஆபத்துள்ளதாகப் பட்டியலிடப்பட்ட பறவை அது. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் விக்டோரியா பூங்கா அதைப் பார்க்கப் பெயர்பெற்ற இடம். ஆணின் சிவந்த தொண்டையையும் மார்பையும் சுற்றிக் கறுப்பு ஓரம் இருக்கும். செந்தொண்டை ஈப்பிடிப்பானுக்கு அந்த ஓரம் இல்லை. இடத்தையும் திகதியையும் கையால் திருத்தினால் இந்தக் கோளாறு தீரும். மலைநாட்டுக்கே உரிய, இலங்கையில் மட்டும் வாழும் மங்கல் நீல ஈப்பிடிப்பானுக்கும் இதே எச்சரிக்கை.

துணையினத்தையும், அதாவது ஒரே இனத்துக்குள் இடத்துக்கு இடம் சற்று வேறுபடும் பிரிவையும், கவனிக்க வேண்டும். செயலியின் படங்களில் இந்தியப் பறவை இருந்தால் இலங்கைப் பறவையோடு அது அப்படியே பொருந்தாது. இங்கே கூடுகட்டும் அரசவால் ஈப்பிடிப்பானின் ஆண் என்றும் செம்பழுப்புதான். வெள்ளை ஆண் கண்ணில் பட்டால் அது குளிர்கால விருந்தாளி. கருப்பிடரி நீல ஈப்பிடிப்பானின் தொண்டைக்குக் கீழுள்ள கறுப்புக் கோடு இலங்கைத் துணையினத்துக்கு இல்லை. கோடு தெரியவில்லையே என்று நல்ல அடையாளத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். நீல ஈப்பிடிப்பான்களில் டிக்கெல் நீல ஈப்பிடிப்பானுக்குத் தொண்டையிலிருந்தே செம்மஞ்சள் தொடங்கும்; அபூர்வமாக வரும் நீலத்தொண்டை ஈப்பிடிப்பானுக்குத் தொண்டை நீலம், செம்மஞ்சள் மார்பில்தான். கண் முதலில் தேடவேண்டியது தொண்டையை.

சவுண்ட் ஐடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் குளிர்கால விருந்தாளிகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஆசிய மண்ணிற ஈப்பிடிப்பானின் மெல்லிய 'ட்ஸி'யைப் பிடிக்க காலி வீதியின் பஸ் சத்தம் விடாது. இங்கேயே கூடுகட்டும் பறவைகளிடம்தான் இதற்கு வேலை: டிக்கெலின் உலோகம் தட்டினாற்போன்ற சிறு பாட்டு, அரசவாலின் கரகரத்த அழைப்பு. ஒலிவாங்கி உள்ள முனையைப் பறவையை நோக்கித் திருப்பி, அசையாமல், பேசாமல், இரண்டு மூன்று நிமிடம் பதியுங்கள். வேறு பறவையின் குரலைப் போலச் செய்வதில் துடுப்புவால் கரிச்சானும் குண்டுக்கரிச்சானும் கைதேர்ந்தவை. அதனால் பெயர் திரையில் ஒருமுறை மின்னி மறைந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பறவையைக் கண்ணால் கண்ட பிறகே பட்டியலில் பதியுங்கள். செயலியிலுள்ள ஒலிப்பதிவைச் சத்தமாகப் போட்டுப் பறவையை வெளியே இழுக்கும் வழக்கம் பரவிவருகிறது. கூடுகட்டும் காலத்தில் அது பெற்றோரைக் கூட்டைவிட்டு அகற்றும். தயவுசெய்து வேண்டாம்.

இடம், திகதி, பருமன், நிறம், செயல் என்று ஐந்து கேள்வி கேட்கும் வழியில் ஈப்பிடிப்பானுக்குப் பருமன் சிட்டுக்குருவி அளவு. செயல் 'மரத்தில் அல்லது புதரில்'. மண்ணிறம், சாம்பல், வெள்ளை என்று கொடுத்தால் நீண்ட பட்டியல் வரும். படமும் ஒலியும் இல்லாதபோது மட்டும் இதைத் தொடுங்கள்.

சோதித்துப் பார்க்க எங்கே போகலாம்? ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநிலநகராக அங்கீகரிக்கப்பட்டது. அதன் பயனாளிகளில் இந்தக் குருவிகளும் உண்டு, ஆனால் நீர்ப்பரப்பைப் பார்த்து நின்றால் அவை கிடைக்காது. பெத்தகான ஈரநிலப் பூங்காவிலும் தலவத்துகொட தியசரு பூங்காவிலும் மரங்கள் மூடிய நடைபாதைப் பகுதிகளில், கண்மட்டத்திலிருந்து இரண்டு ஆள் உயரம் வரை உள்ள காய்ந்த கிளைகளைத் தேடுங்கள். முத்துவின் பறவை, டிக்கெல், கருப்பிடரி மூன்றுக்கும் நகரைவிட்டு வெளியேறுவது நல்லது: லபுகம, களட்டுவாவ காடுகள், அல்லது இங்கிரியப் பக்கம் போதினாகல. கருப்பிடரி பெரும்பாலும் பலவினப் பறவைக் கூட்டத்தோடு நகரும். அது கடக்கும் ஓரிரு நிமிடத்தில் செயலியைத் திறக்கவே கூடாது. முதலில் தொண்டை, பிறகு கால், பிறகு வால் என்று பார்த்துவிடுங்கள். கூட்டம் போன பின் நின்ற இடத்திலேயே குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு செயலியிடம் கேளுங்கள். மழை பெய்த மறுநாளென்றால் அட்டைக்கு முழங்கால்வரை காலுறையும் தேவை.