கட்டளையா, கேள்வியா: பயிற்சியாளர் பேச்சில் எது எங்கே எடுபடும்?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஜிம்முக்கு வரும் கிளையண்ட் நம் கண்முன் இருப்பது 3 மணி நேரம்தான். மீதி 165 மணி நேரத்தில் அவர் நடக்கிறாரா, ஒழுங்காகத் தூங்குகிறாரா, அடுத்த வகுப்புக்கு வரப்போகிறாரா என்பதெல்லாம் நம் கையில் இல்லை. அதனால் பேச்சு முறைகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதுதான்: இது அந்த 3 மணி நேரத்துக்கான பேச்சா, 165 மணி நேரத்துக்கானதா?

முதலில், கட்டளையிடுவதும் கேள்வி கேட்பதும்.

"இன்னும் ரெண்டு, விடாதீங்க!" என்ற குரல் இல்லாத ஜிம் கிடையாது. தோளில் வெயிட் இருக்கும்போது அதுதான் சரியான பேச்சு. ஸ்குவாட்டில், அதாவது பளுவோடு உட்கார்ந்து எழும்போது, முதுகு வளைகிறது, பார் முன்னால் சாய்கிறது என்றால் "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. "நிறுத்துங்க, பாரை ரேக்ல வைங்க." அவ்வளவுதான். புதிதாக வருபவர்களில் பலருக்கும் தெளிவான கட்டளைதான் தெம்பு தருகிறது.

அதே குரலில் "தினமும் நடக்கணும், ராத்திரி சீக்கிரம் படுக்கணும்" என்று ஆரம்பித்தால் எடுபடாது. தன் சுதந்திரத்தில் யாரோ கை வைக்கிறார்கள் என்று தோன்றினால் மனிதர்கள் முரண்டு பிடிப்பார்கள் என்பதை ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இலேயே ஒரு கோட்பாடாக எழுதிவிட்டார். ஜிம்மில் அந்த முரண்டு சண்டையாக வராது. "சரி மாஸ்டர்" என்ற தலையாட்டலாக வரும். அப்புறம் வியாழக்கிழமை "இன்னிக்கு வேலை இருக்கு" என்று மெசேஜ் வரும்.

கேள்வி கேட்கும் முறையை முறையாக வகுத்தவர் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர். குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களோடு பேசுவதற்காக 1983இல் எழுதினார். 1991இல் ஸ்டீபன் ரோல்நிக்குடன் சேர்ந்து நூலாக்கினார். மாறவேண்டிய காரணத்தை நாம் எடுத்துச் சொல்லக் கூடாது, அவர் வாயிலிருந்தே வரவேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி.

என்னிடம் நாற்பதைத் தாண்டிய ஒருவர் வந்துகொண்டிருந்தார். வகுப்பில் நன்றாகச் செய்வார், வெளியே ஒரு அடி நடக்கமாட்டார். "வாரம் ரெண்டு நாள் நீங்களாவே நடக்கிறது எவ்வளவு முக்கியம்னு நினைக்கிறீங்க சார்? 0லேருந்து 10க்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்றேன். "ஒரு 4" என்றார். இந்த இடத்தில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம். "ஏன் 8 இல்ல?" என்று கேட்டால் முழங்கால், வேலை, மழை என்று தடைகள் வரிசையாக வரும், நடக்காமல் இருப்பதற்கு அவரையே வாதாட வைத்துவிடுவோம். நான் "2ன்னு சொல்லாம 4ன்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன். ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மாடி ஏறினா மூச்சு வாங்குது. பொண்ணு மேல போய் நின்னு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா" என்றார்.

அதற்குமேல் நான் எந்த அறிவுரையும் சேர்க்கவில்லை. எந்த இரண்டு நாள் தோதுப்படும் என்று மட்டும் கேட்டேன். செவ்வாயும் சனியும், வேலை முடிந்து வந்ததும், ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் என்று அவரே நாளையும் வேளையையும் சொன்னார். "முடிஞ்சப்ப நடக்கிறேன்" என்பதைவிட இப்படி 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று முடிவு செய்வது பலமானது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன.

கேட்கும் முறைக்கும் குறை உண்டு. நேரம் பிடிக்கும். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு வந்தவரிடம் ஏன், எதற்கு என்று துருவினால் அவருக்கு எரிச்சல்தான் வரும். அவருக்குத் தேவை திட்டம். கையில் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது ஒப்பீடு, அசைவைத் திருத்தும் சொற்கள். "முழங்காலை வேகமா நீட்டுங்க" என்று உடலுக்குள் கவனத்தைத் திருப்புவது ஒரு வழி. "தரையைத் தள்ளுங்க", "அந்தக் கோட்டைத் தாண்டிக் குதிங்க" என்று வெளியே திருப்புவது இன்னொரு வழி. கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1998இல் பனிச்சறுக்கு போன்ற அசைவைத் தரும் ஒரு கருவியில் இதைச் சோதித்தார்கள். தங்கள் பாதத்தைக் கவனித்தவர்களைவிட, பாதத்துக்குக் கீழே இருந்த சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். நடுவே சில அங்குல வித்தியாசம்தான்! ஓட்டம், குதித்தல், பளு தூக்குதல் என எல்லாவற்றுக்கும் நான் வெளிக்கவனத்தையே தேர்வு செய்வேன். ஒரு தசையைத் தனியாக வேலை வாங்கவேண்டிய பயிற்சிகளில் மட்டும் "பைசெப்ஸை இறுக்குங்க" என்ற உள்கவனத்துக்கு இடம் உண்டு. அந்தத் தசை கூடுதலாகத் தூண்டப்படுகிறது. எதுவானாலும் ஒரு செட்டுக்கு, அதாவது இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுக்கு, ஒரே குறிப்பு போதும். நான்கு குறிப்பு கொடுத்தால் கிளையண்ட் உறைந்து நின்றுவிடுவார்.

பாராட்டில் அவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. "சூப்பர்" என்பது காதில் விழுந்து போய்விடும். "மூணாவது ரெப்ல குதிகால் தூக்கல, கவனிச்சீங்களா?" என்பது வீடு வரை கூடவே போகும்.

கடைசியாக, வராத நாள். "ஏன் வரலை?" என்று அனுப்பினால் பதிலுக்கு ஒரு சாக்கு வரும், சில சமயம் பதிலே வராது. நான் இப்போது அனுப்புவது இது: "நேத்து உங்களைக் காணோமேன்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை 20 நிமிஷம் மட்டும் பண்ணலாமா, இல்ல திங்கக்கிழமை முழுசா பண்ணலாமா? உங்களுக்கு எது வசதி?" பெரும்பாலும் அன்று மாலைக்குள் ஒரு கிழமை பதிலாக வந்துவிடுகிறது.