ஆள் தங்காத தோட்டத்தில் மாங்கன்று: சோலார் வேலியா, கம்பிக் கூண்டா?

சிறுமலையின் கிழக்கு அடிவாரத்தில், நத்தம் பக்கம், எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி மேட்டு நிலம் இருக்கிறது. டிராக்டர் ஓடைக்கரை வரைதான் வரும். அங்கிருந்து வரப்பும் மேடுமாக அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். கரண்ட் கிடையாது, சொந்தக் கிணறு கிடையாது, இரவில் தங்க ஆளும் கிடையாது. நான் வேலை பார்ப்பது மதுரையில். மாதத்துக்கு இரண்டு தடவை போய் வந்தாலே பெரிய விஷயம்.

அந்த நிலத்தில் 25 அடிக்கு ஒன்று என்ற கணக்கில் 120 ஒட்டு மாங்கன்று வைத்து நாலு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் சுற்றிலும் சோலார் வேலி, கன்றுக்குக் கரைசல் உரம். அடுத்த இரண்டு வருடம் கன்றுக்கு ஒரு கம்பிக் கூண்டு, உரத்துக்கு ஆட்டுக்கிடையும் (இரவில் ஆட்டு மந்தையை நிலத்திலேயே அடைப்பது) கொளுஞ்சி என்ற பசுந்தாள் உரச் செடியும். இரண்டையும் என் கைக்காசில் செய்து பார்த்துவிட்டேன். இப்போது நான் முழுக்கக் கூண்டு பக்கம்தான் நிற்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது புரியாது.

நல்ல நாற்றங்காலில் ஒட்டுக்கன்று வாங்குவது, மூன்றடிக் குழி, ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீருக்கு ஓடைக்குக் கீழே இருக்கும் தோட்டக்காரரின் ஆயில் எஞ்சினை நம்பினோம். முதல் இரண்டு கோடையிலும் வாரம் ஒரு முறை ஹோஸ் இழுத்து விட்டார், கூலி கொடுத்தோம். அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

முதலில் வேலி. சோலார் வேலி மோசமான பொருள் அல்ல. ஐந்து வரிசைக் கம்பி, ஒரு பேனல், 12 வோல்ட் பேட்டரி, கம்பிக்கு விட்டு விட்டு மின்சாரம் அனுப்பும் எனர்ஜைசர் என்ற பெட்டி. ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை 'டிக்' என்று சத்தம் வரும், ஒவ்வொரு டிக்குக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் கம்பியில் ஓடி நின்றுவிடும். தொட்ட விலங்கு துள்ளி ஓடும், சாகாது. முதல் ஆறு மாதம் ஒரு காட்டுப்பன்றிகூட உள்ளே வரவில்லை. தினமும் ஆள் இருக்கிற தோட்டம் என்றால் இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த வேலி உயிரோடு இருக்க ஒரு மனுசன் பக்கத்திலேயே வேண்டும். பன்றிக்கு என்று கீழ்க்கம்பியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டுகிறோம். ஐப்பசி மழை விழுந்ததும் புல் அந்த உயரத்தை எட்டப் பத்து நாள் போதும். ஈரப் புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். 1,180 அடிச் சுற்றளவில் எத்தனை இடத்தில் தொடுகிறது என்று தேடி அறுக்கவே ஒரு பகல் போய்விடுகிறது. கோடையில் பிரச்சினை வேறு மாதிரி. மண் காய்ந்து ஓடாகிவிடும், மின்சாரம் மண் வழியாகத் திரும்ப வேண்டிய எர்த் பிடிக்காது, விலங்கு கம்பியைத் தொட்டாலும் அடி உறைக்காது. எர்த் கம்பி இறக்கிய இடத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லை என்றால் ஒன்றுவிட்டு ஒரு கம்பியை எர்த் கம்பியாக மாற்ற வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன், ஓரளவு பலன் இருந்தது.

முதல் வருடக் கார்த்திகையில் பன்னிரண்டு நாள் போக முடியாமல் போனது. போனபோது எனர்ஜைசர் வழக்கம் போல டிக் டிக் என்றுதான் அடித்துக்கொண்டிருந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் முன்பு ஏழாயிரம் வோல்ட் காட்டிய இடத்தில் இரண்டாயிரம்கூடக் காட்டவில்லை. தென்மேற்கு மூலையில் கம்பி தளர்ந்து, அதன் கீழே மண் வழுவழு என்று தேய்ந்து ஒரு பாதையே விழுந்திருந்தது. உள்ளே 31 கன்று சாய்ந்து கிடந்தது. ஒரு இலையைக்கூடப் பன்றி தின்னவில்லை. பாத்தியை மட்டும் மூக்கால் உழுதிருந்தது. குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தேன். சுண்டுவிரல் தடிமனில் வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு கிடந்தது, வண்டுப் புழு. ஆடியில் நான் போட்டது சரியாக மக்காத சாணம். அதில் வண்டு முட்டை வைத்து, புழு பெருத்து, அதைத் தேடித்தான் பன்றி வந்திருக்கிறது. கன்று சாய்ந்தது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு இரண்டு விஷயம் விளங்கியது. ஒன்று, நாம் போடுகிற உரமே விலங்கைக் கூப்பிடும். கடலைப் பிண்ணாக்கு, மீன் அமிலம், எலும்புத் தூள் எல்லாம் அதே கதைதான். ஆள் இல்லாத இடத்தில் இவற்றை வைக்கவே கூடாது. நன்றாக மக்கிய எரு, வேப்பம் பிண்ணாக்கு இரண்டும்தான் பாதுகாப்பு. இரண்டு, சுற்று வேலி ஒரு இடத்தில் விட்டால் 120 கன்றும் திறந்து கிடக்கும். எந்த இடத்தில் விட்டது என்பது நாம் போய்ப் பார்க்கும் நாள் வரைக்கும் தெரியாது.

கூண்டில் கணக்கு தலைகீழ். இரண்டங்குலக் கட்டம் போட்ட ஜி.ஐ. வெல்டுமெஷ், அதாவது துத்தநாகம் பூசிய கம்பிவலை, நாலடி உயரம். ஆறரை அடித் துண்டாக வெட்டி வளைத்தால் இரண்டடி விட்டத்தில் ஒரு வளையம் வரும். அடியில் நாலு விரற்கடை மண்ணில் புதைத்து, மூன்று முளை அடித்து, சுற்றிலும் கல் வைத்துவிட்டோம். ஒரு பக்கத்தைக் கட்டுக்கம்பியால் கொக்கி போட்டு வைத்தால் களை எடுக்கத் திறந்துகொள்ளலாம். 120 கன்றுக்கு 780 அடி மெஷ் ஆனது, சுற்றளவைவிடக் குறைவு. நாங்கள் இரண்டு பேர் மூன்று நாளில் முடித்தோம்.

போன இரண்டு வருடத்தில் கூண்டு சேதமானது நாலு இடத்தில். இரண்டைக் காட்டுமாடு உரசி நசுக்கியிருந்தது, ஒன்றின் மேல் காய்ந்த கிளை விழுந்தது, ஒன்றைப் பன்றி கல்லைப் புரட்டித் தூக்கியிருந்தது. நாலு கூண்டுக்கு நாலு கன்றுதான் பாதிப்பு, அதிலும் இரண்டு மறுபடி துளிர்த்தது. மற்ற 116 கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இருபது நாள் போகாவிட்டாலும் கூண்டுக்குத் தெரியாது. அதில் புல் பட்டால் என்ன, மழை பெய்தால் என்ன. களவு போக அதில் பேட்டரியும் இல்லை. என்னுடைய சோலார் பேட்டரி இரண்டாம் வருடப் பங்குனியில் களவு போனது, பேனல் தப்பியது.

மறுவிலையும் பார்க்க வேண்டும். பேட்டரிக்குப் பழைய இரும்பு விலைதான். கூண்டு கன்று ஆறடி தாண்டியதும் அடுத்த கன்றுக்குப் போகும். கிளை பரந்து மெஷ்ஷில் உரசத் தொடங்கினால் இரண்டு கூண்டைச் சேர்த்து ஒரே பெரிய வளையமாக மாட்டலாம். நான் 14 மரத்துக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன்.

சோலார் வேலி பற்றி இன்னொன்று. 2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கு என்றே பதிவு விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் வேலி போட வேண்டும். பேட்டரி களவு போன கோபத்தில் 'நேர் லைனைக் கொடுத்துவிட்டால் போச்சு' என்று, கரண்ட் லைனிலிருந்தே நேராகக் கம்பிக்கு இழுக்கச் சொல்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதே 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் அப்படிப் போட்ட கள்ள வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாய் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த படத்தை நான் மறக்கவில்லை. அது குற்றம் மட்டுமல்ல, பாவமும்கூட. மனுசனும் அதில் சாகிறான்.

இனி உரம். என் முடிவைத் தீர்மானித்தது உண்மையில் இதுதான்.

முதலில் ஜீவாமிர்தம் போட்டேன். 200 லிட்டர் டிரம், 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். நல்ல கரைசல், குறை சொல்ல மாட்டேன். இரண்டு நாளில் தயாராகும், ஒரு வாரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும், மறுபடி பதினைந்து நாளில் அடுத்த டிரம். தோட்டத்தில் குடியிருப்பவருக்கு இது சரி. நான் கலக்கி வைத்துவிட்டு மதுரைக்குப் போனால் ஊற்ற ஆள் யார்? பாதி டிரம் நாறிப் போய்க் கீழேதான் கொட்டினேன். நீரில் கரையும் ரசாயன உரத்தைச் சொட்டுநீரில் விடலாம் என்றால் அதற்கும் கரண்ட் வேண்டும், தொட்டி வேண்டும், அடைப்பு எடுக்க ஆள் வேண்டும்.

சரி, தொழு உரமாகவே போடுவோம் என்றால், வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி மாங்கன்றுக்கு முதல் வருடம் 10 கிலோ. வருடா வருடம் 10 கிலோ கூட்டி 50 கிலோ வரை போக வேண்டும். 120 கன்றுக்கு முதல் வருடம் 1,200 கிலோ, நாலாம் வருடம் 4,800 கிலோ. ஓடைக்கரையிலிருந்து தலைச்சுமையாக 25 கிலோ வீதம் தூக்கினால் 192 நடை. எருவின் விலையைவிடச் சுமைகூலி கூடுதல், அதற்கும் ஆள் கிடைப்பதில்லை.

அப்போதுதான் ஆட்டுக்கிடை நினைவுக்கு வந்தது. ராமநாதபுரம், சிவகங்கை பக்கமிருந்து கீதாரிகள், அதாவது ஊர் ஊராகப் போய் ஆடு மேய்ப்பவர்கள், செம்மறியை ஓட்டிக்கொண்டு வருவார்கள். உரம் தன் காலாலேயே மேட்டுக்கு நடந்து வரும்! கூண்டு இல்லாத காலத்தில் இதை யோசிக்கவே முடியாது, வேலிக்குள் ஆட்டை விட்டால் முதல் பலி மாங்கன்றுதான். போன வருடம் மாசியில் ஒரு கீதாரியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கூண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார். "கூண்டு இருக்கு தம்பி, போடலாம். இல்லாட்டி ஒரே ராத்திரில மொட்டையாயிரும், அப்புறம் எங்களச் சொல்லக் கூடாது" என்றார். பத்து இரவு கிடை போட்டார்கள், தினமும் பட்டியை இடம் மாற்றி. புழுக்கையோடு மூத்திரமும் மண்ணில் இறங்குவதுதான் கிடையின் பலமே. ஆளும் நாயும் படுத்திருந்த அந்தப் பத்து நாளும் பன்றி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

கிடைக்குக் குறையும் உண்டு. எரு நிலம் முழுக்க விழும், கன்றின் காலடியில் விழாது. பிறகு சுரண்டிப் பாத்திக்குள் தள்ளினோம், அது ஒரு நாள் வேலை. காலடி மண் கொஞ்சம் இறுகிவிட்டது. பரிந்துரைத்த அளவு ஒவ்வொரு கன்றுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று நான் நிறுத்துப் பார்க்கவில்லை. அதனால் புரட்டாசியில் கன்றுக்கு அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கும் வைக்கிறேன், கறையானுக்கும் அது நல்லது. மொத்தம் 60 கிலோதான், மூன்று நடையில் முடிந்துவிடும்.

மீதியைக் கொளுஞ்சி பார்த்துக்கொள்கிறது. ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதை, முதல் மழையில் தூவியது. விதைத்தோல் கெட்டி, முளைக்க நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆடு மாடு அதைத் தொடாது, தானே விதை சிந்தி மறு வருடமும் முளைக்கும். பூக்கும்போது அறுத்துக் கூண்டுக்குள் மூடாக்காகப் போடுகிறேன். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் போட வேண்டும். முதல் தடவை ஒட்டிப் போட்டதில் ஐந்தாறு கன்றின் பட்டையில் கறையான் ஏறியது.

கிளுவை மாதிரி முள்மரத்தை வைத்து உயிர்வேலி போட்டால் என்ன என்று கேட்பீர்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) முள்கிளுவை வேலியைப் பார்த்த ஆசையில் மேற்குப் பக்கம் மட்டும் ஐப்பசியில் போத்து (வெட்டிய கிளை) நட்டேன். மூன்று வருடம் ஆகிறது, இடுப்பளவு வந்திருக்கிறது, நடுநடுவே சந்து இருக்கிறது. வெள்ளாட்டைத் தடுக்கிறது. பன்றியைத் தடுக்குமா என்று என்னால் இன்னும் சொல்ல முடியாது. யானை நடமாட்டம் உள்ள இடத்துக்கும் என் அனுபவம் உதவாது, எங்கள் பக்கம் அந்தத் தொல்லை இல்லை. காய்ப்புக்கு வந்த தோப்பில் மயிலும் அணிலும் வந்தால் கூண்டால் ஒன்றும் செய்ய முடியாது. வாழை, மரவள்ளி, கடலை மாதிரி நிலம் முழுக்க நிற்கிற பயிர் என்றால் கூண்டுப் பேச்சே வேண்டாம், வேலிதான் வழி.

உங்கள் நிலத்துக்கு எது என்று கேட்டால், காசுக் கணக்குப் போடும் முன்னால் ஒரு வருடத்தில் எத்தனை நாள் உங்களால் அங்கே போக முடியும் என்று எழுதிப் பாருங்கள். நூறு நாளுக்கு மேல் என்றால் சோலார் வேலி போடலாம், வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். என்னைப் போல இருபது இருபத்தைந்து நாள்தான் என்றால் மெஷ் சுருள் வாங்குங்கள்.

இந்த ஆடியில் வளர்ந்த 22 மரத்தின் கூண்டைக் கழற்றிவிட்டோம். ஓடைப் பக்கச் சரிவில் எலுமிச்சைக்குக் குழி எடுத்தாயிற்று, கூண்டு அங்கே போகிறது. கீதாரி இந்த முறை தைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் அந்த 22 கன்றையும் நட்டுக் கல் வைத்துவிட வேண்டும்.