மொட்டை மாடியா, ஏர்கூலரா?

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கியபின் நாகப்பட்டினத்துக்குப் போனால், ராத்திரி எங்கே படுப்பது என்பதுதான் பெரும்பாடு. கூடத்தில் அண்ணன் வாங்கிப்போட்ட ஏர்கூலர் இருக்கிறது. தண்ணீரை ஆவியாக்கித்தான் அது காற்றைக் குளிர்விக்கும். மதுரை மாதிரி வறண்ட ஊரில் சரி. கடலோரக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் எளிதில் ஆவியாகாது. ஜன்னலையும் சாத்திவிட்டால் போச்சு, விடியும்போது தலையணை உறைகூடப் பிசுபிசுக்கும். (அண்ணனிடம் இதைச் சொல்ல முடியாது.)

மாடியில் படுக்க, சாயங்காலமே நாலு வாளி தண்ணீர் ஊற்றித் தரைச்சூட்டை இறக்கவேண்டும். அப்புறம் கொசுவலை. காலை 6 மணிக்கே வெயில் எழுப்பிவிடும். ஆனாலும் காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் வியர்வை உலர்கிறது. என் ஓட்டு மாடிக்கே. தூறல் விழுந்தால் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு இறங்கிவிடுவேன்.